காலி எடை

ஜெலுத்தோங்கில், படகுப் பட்டறைக்குப் பின்னால்,
டயர்க்கடை காலி செய்துபோன கீழ்த்தளத்தில்
ஏழு வருடமாக ஒரு விமானம் வளர்ந்தது.
இறக்கைகளைச் சுவரோரம் சாய்த்தால்தான்
எனக்கு நடக்க வழி.

மேல்மாடியில் ரொஸ்னா.
பொது மருத்துவமனையில் இரவு வேலை, பகலில் தூக்கம்.
தூக்கம் என்பது பேச்சுக்கு.
பதினோராயிரத்து நானூற்றாறு ரிவெட்.
ஒவ்வொன்றின் தண்டும் டக்கென்று ஒடிந்தது
அவள் தலையணைக்கு நேர் கீழே.
முதல் வருடம் நகராண்மைக்குப் புகார் எழுதினாள்.
இரண்டாம் வருடம் துடைப்பக் கட்டையால் தரையை இடித்தாள்.
மூன்றாம் வருடம் இறங்கி வந்து,
இது எப்போதுதான் பறந்து தொலையும் என்றாள்,
மலாயில், கொஞ்சம் நாகரிகமாக.

சாயம் பூசியாயிற்று. இனிக் கடைசி வேலை,
சத்தத்தை இறக்குவது.
பட்டறை முற்றத்தின் இரும்புக் கம்பத்தில் வாலைக் கட்டி
எஞ்சினை ஓடவிட்டால்
தகரக் கூரைக்குள் பத்துப் பேர் தகரம் தட்டுகிறார்கள்.
சைலன்சரை மாற்றினேன், இரண்டு கிலோ.
எஞ்சின் சுவருக்குக் கம்பளம், தொள்ளாயிரம் கிராம்.
கதவு விளிம்புக்கு ரப்பர் நாடா,
பாதத்துக்கு அடியில் நுரைத் தகடு.
நிசப்தத்துக்கும் எடை இருக்கிறது.
நாலு கிலோ அமைதி வாங்க
ஐந்தரை லிட்டர் பெட்ரோலை இறக்கிவைக்க வேண்டும்.
கணக்குப் பார்த்து
நுரையில் பாதியைக் கிழித்தெறிந்தேன்.

கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். நல்ல அமைதி.
அந்தப் பெருமையில்தான் அவளைக் கூப்பிட்டேன்.

வேலை முடிந்த வெள்ளைச் சீருடையோடு
இடது இருக்கையில் அமர்ந்தாள், கண்ணை மூடினாள்.
எஞ்சினை அணைத்த பிறகு சொன்னாள்:
ஒரு கீச்சு இருக்கிறது.
மூன்று வார்டு தள்ளி யாருக்கோ சொட்டு மருந்து தீர்ந்து
மெஷின் கூப்பிடுமே, அதுமாதிரி.

இறக்கை நுனியைப் பிடித்து ஆட்டினேன்.
இதோ, என்றாள்.
ஆட்டினேன்.
இதோ. இப்போதும்.
எனக்குக் கேட்டது
பக்கத்துப் படகை அறுக்கும் ரம்பம் மட்டும்.

மறுநாள் அவளே சீட்டு எடுத்துக் காது டாக்டரிடம் அனுப்பினாள்.
தொழில் என்ன என்றார். கணக்காளர் என்றேன்.
புருவத்தை உயர்த்தி வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார்.
நேராகப் போன கோடு
நாலாயிரத்தில் தலைகுப்புற விழுந்தது.
இந்தச் சரிவில் தரையிறங்கினால் சக்கரம் முறியும்.
கொஞ்சம் அமைதியை
எனக்குள் முன்பே வைத்துத் தைத்திருக்கிறேன்;
அதற்கு மட்டும் எடையில்லை.

இடது இறக்கையின் மேல் காது வைத்துக்
கிழவர் நெஞ்சைத் தட்டுவதுபோல்
விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனாள்.
நின்றாள். மூன்றாம் விலா.
நாலு திருகு கழற்றி விரலை விட்டேன்.
ரிவெட் தண்டின் ஒடிந்த துண்டு, அரிசியளவு,
கட்டுப்பாட்டுக் கம்பி ஓடும் வழியோரம்.
காற்றில் அது எங்கே போய்ச் சிக்கியிருக்கும் என்று
நான் சொல்லவில்லை.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவள் சொன்னாள்:
இது நோன்பு மாதத்தில் அடித்ததாக இருக்கும்.
அந்த மாதம்தான் நீ பகல் முழுக்க.

பராமரிப்பு ஏட்டில் எழுதினேன்:
இடது இறக்கை, மூன்றாம் விலா.
தளர்ந்த துண்டு ஒன்று நீக்கம்.
கண்டவர், ரொஸ்னா பிந்தி ஜொஹாரி, மேல்மாடி.
மூன்று சக்கரத்தையும் மறுபடி தராசில் ஏற்றினோம்.
காலி எடை, மாற்றமில்லை.

ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு லாரி.
பாலம் தாண்டித் தைப்பிங் ஓடுபாதைக்கு.
அன்றைக்கு அவளுக்கு லீவாம்.
மாடிப்படியில் பாதி ஏறி நின்று சொன்னாள்,
ஏற்றும்போது சத்தம் போடாதே.